நான்காவது பத்தி

தலைமை அலுவலகம் கேட்டிருந்தது:
திங்களன்று நானூறு கல் வைத்த கொத்தனார்
வியாழனன்று நூற்றெண்பதில் நின்றதேன்?
காரணத்துக்கு அச்சில் மூன்று பத்தி.
மழை. விடுப்பு. மெத்தனம்.
ஒன்றைச் சுழித்தால் போதும்.

கொருக்குப்பேட்டையில் அன்று மழையில்லை.
மணலிப் பக்கத்துக் காற்றுதான், கண் எரிய.
தேசிங்கு வந்திருந்தார்.
மீதி இருந்தது ஒரு சொல்.
பேனாவை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, கைக்கடிகாரத்தோடு
அவர் பக்கத்தில் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தேன்.
ஏழரைக்கு நூல் கட்டியாயிற்று, கரணை கழுவியாயிற்று.
சிமெண்ட் அறைச் சாவி ஸ்டோர்கீப்பர் இடுப்பில்.
ஸ்டோர்கீப்பர் மூலக்கடையில்,
இரண்டாவது ஈடு இட்லிக்கு.
எட்டு இருபத்தைந்து.

மணல் லாரி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.
சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது,
பிறகு போகாமலும் இருந்தது.
இரண்டாம் மாடியிலிருந்து அமலோற்பவம்
பெட்டிகளை எண்ணி, பாதியில் விட்டாள்.

பதினொன்றரைக்கு ஜன்னல் மட்டம் வந்தது.
பழைய வரைபடத்தில் மூன்றடி,
திருத்திய தாளில் மூன்றரை.
கரணை மறுபடி தரையில்.
"யார் கையெழுத்து வேணும்?" என்றேன்.
தேசிங்கு தூக்குக்குண்டைத் துடைத்தார்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.
அமலோற்பவம் சும்மாட்டை அவிழ்த்து உதறினாள்.
"உன்னுதுதான் மேடம்.
நேத்தும் அதுக்கோசரம்தான் குந்திக்கினு இருந்தோம்.
நீ மீட்டிங்ல இருந்த."

இருந்தேன். ஏசி அறையில், மூன்று மணி நேரம்.
ஆள் ஒன்றுக்கு வேலை ஏன் குறைகிறது என்று
சிவப்புக் கோடு இறங்கும் படத்தைப் பார்த்தபடி.

பென்சிலால் படிவத்தில் ஒரு கோடு கிழித்தேன்.
காத்திருப்பு:
சாவி, ஐம்பத்தைந்து நிமிடம்.
கேட், ஒன்றே கால் மணி.
என் கையெழுத்து
(இதை எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது,
சீவிக்கொண்டு வந்து எழுதினேன்)
ஒரு மணி பத்து நிமிடம்.

பதில் அன்றிரவே வந்தது.
படிவத்தை மாற்ற அனுமதியில்லை.

சனிக்கிழமை சாவி ஆணியில் தொங்கியது.
கையெழுத்திட்ட தாள் காற்றில் பறக்காமல் ஒரு கல்லின் கீழ்.
கேட் மட்டும் கேட்டாகவே இருந்தது.
முந்நூற்று எழுபது கல்.
காரணம் கேட்டு யாரும் போன் செய்யவில்லை.

மாலை ஏழேகால்.
வாரக்கூலி கொண்டு வரும் கான்ட்ராக்டர்
எர்ணாவூர் தாண்டிவிட்டாராம்,
ஒரு மணி நேரமாகத் தாண்டிக்கொண்டிருக்கிறார்.
காலி சிமெண்ட் பையை விரித்து
படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள் அமலோற்பவம்.
கால் கொசுவை அடித்துவிட்டு,
என் சட்டைப்பைப் பென்சிலைப் பார்த்தாள்.
"இத்த எதுல எழுதுவ?"