முள் விழவில்லை

நீடாமங்கலம் கேட் திறந்ததும்
இரண்டு பக்கமும் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின.
இளஞ்சியத்தின் குட்டியானை மட்டும்
ஒரு தரம் இருமி
இன்னொரு தரம் இருமி
அடங்கிப்போனது.
பின்னால் மன்னார்குடி பஸ்காரர்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பதினெட்டு மூட்டை குறுவை நெல்லோடு
தள்ளிவந்து என் கடை வாசலில் விட்டோம்,
அவளும் நானும், கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும்
இரண்டு பையன்களும்.

"டீசல் இருக்குண்ணே. முள்ளப் பாருங்க, ஃபுல்லு."
முள் நிறைவில்தான் நின்றது.
மூடியைத் திறந்து டேங்கைத் தட்டினேன்.
காலிக் குடம் பேசியது.

சீட்டுக்கு அடியிலிருந்து
பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்தாள்.
போன மாதம் திருவாரூரில் கழற்றிய மிதவை.
புதுசுக்கு இரண்டாயிரத்து முன்னூறு.
மீட்டரில் பிடித்து, விரலால் மெல்லத் தூக்கினேன்:
ஓம் கணக்கு ஒரு படிகூடத் தாண்டாமல்
ஏறியது, இறங்கியது.
பழசுக்கு ஒரு குறையும் இல்லை.
அவளிடம் உடனே சொல்லவில்லை.

டேங்கின் மேல் இருந்த சாக்கெட்டைப் பிடுங்கினேன்.
இந்த வண்டியில் ஒயர் அறுந்தால் முள் விழ வேண்டும்;
இரும்பைத் தொட்டால் நிறைய வேண்டும்.
"சாவியப் போடு. விழுதா?"
"விழலண்ணே."

டேங்கை யாரும் எதுவும் கேட்கவில்லை.
முள் தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டு
அந்த முனையையும் கழற்றினேன். பொத்தென்று விழுந்தது.
இந்த முனை சரி. அந்த முனை சரி.
நடுவில்தான் எங்கோ.

"மேட்டூரு நெறஞ்சிருக்குன்னு பேப்பர்ல போடுறான்,
எங்க வாய்க்கால்ல கோரதான் நெறஞ்சிருக்கு.
அதே கததானா இதுவும்?"
"அது எனக்குத் தெரியாது" என்றேன்.
"எனக்குத் தெரிஞ்சது பன்னெண்டு வோல்ட்டு."

சாக்கை விரித்து அடியில் படுத்தேன்.
மீட்டரின் ஒரு முனை ஒயரில், ஒரு முனை சேஸிஸில்.
கீ என்று கத்தத் தொடங்கியது.
கத்தட்டும் என்று விட்டு
முன்னாலிருந்து சாண் சாணாக
ஒயர்க்கட்டை அசைத்துக்கொண்டே வந்தேன்.
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், கிளிப் போன இடத்தில்
சத்தம் நின்றது.
விட்டால் கத்தியது. தூக்கினால் நின்றது.

கறுப்புக் குழாயைக் கீறினேன்.
என் முகத்தில் நெல் கொட்டியது.

கண்ணில், காதில், சட்டைக்குள்.
வாயில் விழுந்ததைத் துப்பிவிட்டுப் பார்த்தால்
மஞ்சள் ஒயரின் தோலை வரிசையாகக் கொறித்து,
பளபளவென்று செம்பு
இரும்பின்மேல் சாய்ந்து கிடந்தது.

"பதினோரு ராத்திரிண்ணே" என்றாள் குனிந்து.
"கொள்முதல் நிலைய வாசல்ல, டோக்கனுக்கு.
ஈரப்பதம் கூடன்னு திருப்பித் திருப்பி
காயவச்சிட்டுக் கெடந்தேன். அங்கதான் ஏறியிருக்கும்."
எலிக்கு யாரும் ஈரப்பதம் பார்க்கவில்லை.

ஈயம் வைத்தேன். சுருங்குகுழாய் போட்டு
லைட்டரால் சுட்டேன். புது கிளிப், இரண்டு.
கேனில் வந்தது ஐந்து லிட்டர்;
காற்றுப் பிடித்த லைனைப் பம்ப் அடித்து விடுவித்தபோது
கை முழுக்க டீசல்.

சாவியைப் போட்டாள்.
முள் கிளம்பி, கொஞ்சம் யோசித்து,
காலிக்கு மேல் ஒரு மயிரிழையில் நின்றது.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."
ஏமாந்ததுபோல் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

முன்னூற்றைம்பது கொடுத்தாள்.
அந்த இரண்டாயிரத்து முன்னூறைப் பற்றி
அப்போதுதான் சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை.
சாக்கில் சிந்தியிருந்த எலியின் நெல்லை
கடைசி மணிவரை கூட்டி அள்ளினாள், அரைப்படி தேறும்,
மேல்மூட்டையின் வாயைப் பிரித்துப் போட்டாள்.
"எடைல சேரட்டும்."

அதற்குள் கேட் மறுபடி மூடிவிட்டது.
வரிசையில் எல்லா வண்டியும் நின்றபடி உறுமின.
அவள் மட்டும்
இன்ஜினை அணைத்துவிட்டாள்.