பச்சைக் கோடு

மிச்சிகனின் வடகோடி, ஹான்காக், பிப்ரவரி.
கராஜ் கதவை மறித்து இடுப்பளவு பனி.
ஹீட்டர் என் ஒரு கன்னத்தை மட்டும் சுடவைக்கிறது.
காலடியில் இரண்டு வாளி பித்தளை.
நவம்பர் வரைக்கும் சுடுகளத்தில்
குனிந்து குனிந்து பொறுக்கியது,
என்னுடையதும் யார் யாருடையதோவும்.

உயிர் போன கூடு என்று இதைச் சொல்ல முடியாது.
சிலது ஐந்து முறை போய்
ஆறாம் முறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பிரிப்பது.
ஒன்பது மில்லிமீட்டர் கும்பலுக்குள்
இரண்டு மில்லி குள்ளமாய் ஒரு முந்நூற்றெண்பது,
நிற்க வைத்தால்தான் பிடிபடும்.
காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, வெளியே போ.
கூட்டுக்குள் கூடாய் ஒரு இருபத்திரண்டு
சிக்கிக்கொண்டு வர மறுக்கிறது.
ஒன்றினுள் செத்த சிலந்தி,
வலையை மட்டும் முடித்துவிட்டு.
மூக்கு அரிக்கிறது. சொறியக் கூடாது. கையெல்லாம் ஈயம்.

பிறகு காது.
ஐந்தாறை உள்ளங்கையில் அள்ளிக் குலுக்குவேன்.
நல்லது கணீரென்று சொல்லும்.
கீறல் விட்டது
சளி பிடித்தவன் போலப் பேசும்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
நாற்பது பிள்ளைகளின் கூச்சலில்
எது அழுகிறது என்று திரும்பாமலே சொல்வேன்.
இது அதைவிடச் சுலபம்.

ராணுவத்துப் பித்தளைக்குக் கூடுதல் வேலை.
பிரைமர் குழியின் விளிம்பை நசுக்கி அனுப்பியிருப்பார்கள்.
அதைச் சீவாமல் விட்டால்
பிரஸ்ஸின் கைப்பிடி பாதியில் நிற்கும்.
ஒரு இழுப்பு, ஐந்து இடத்தில் ஐந்து வேலை,
தட்டு ஒரு படி சுற்றும்;
ஒன்று முரண்டு பிடித்தால்
மற்ற நாலும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.
அதனால் பொறுமையை எல்லாம்
இந்த வாளியிலேயே செலவழித்துவிட வேண்டும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
அடிப்பக்கம், முத்திரை எழுத்தின் குறுக்கே
பச்சை மையில் ஒரு கோடு.
இன்னொன்று.
வாளியைத் தரையில் கவிழ்த்துக் கிளறினேன்.
பதினொன்று.

எங்கள் களத்தில் ஆளுக்கொரு நிறம்.
நான் ஆரஞ்சு.
பச்சை, ஆர்விட் லாசிலா.
மணிக்கட்டு போய்விட்டது, இனி தொடமாட்டேன் என்று
இரண்டு வருஷம் முன்னால் விருந்தில் எழுந்து நின்று சொன்னவன்.
கைதட்டினோம். கேக் வெட்டினோம்.
அந்த வருஷம் பட்டியலில் அவன் பெயர் கடைசி.
உரக்கப் படித்தது நான்.

பழசாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.
பழசு புல்லில் கிடந்து காபி நிறத்துக்குக் கறுத்திருக்கும்.
இதன் வாயில் கரி புதுசு,
விரலில் வந்து ஒட்டியது.

ஆக, யாரும் வராத செவ்வாய்க்கிழமைகளில்
வந்து சுடுகிறான்.
எல்லாவற்றையும் பொறுக்கிவிடத்தான் பார்த்திருப்பான்,
முதுகு விட்டவரைக்கும்.

தரையில் கிடப்பது பொறுக்கியவருக்கு. அது வழக்கம்.
அதிர்தொட்டியில் இரண்டு மணிநேரம்,
சோளத்தக்கைத் தூளில் புரண்டு புரண்டு
கரியும் போகும், மையும் போகும்,
அப்புறம் கேட்க யாருமில்லை.

மூடியைத் திறந்தேன்.
ஆரஞ்சையும் அநாமதேயங்களையும் கொட்டி
சுவிட்சைப் போட்டேன். மேஜை நடுங்கியது.

பதினொன்றை மட்டும் துணியால்,
வாயைத் துடைத்து, கோட்டைத் தொடாமல்.
குலுக்கினேன்.
சளிக்குரல் ஒன்று.
அதன் வாயைக் குறட்டால் நசுக்கி
குப்பைப் பித்தளையில் எறிந்தேன்.

மிச்சம் ஒரு காபி டப்பாவில்,
பெயர் எழுதாமல்.
களம் திறந்ததும் மூன்றாம் மேஜையடியில் வைப்பேன்,
ஒரு திங்கட்கிழமை சாயங்காலமாக.
அவன் எண்ணுகிறவன்.
எத்தனை தவறவிட்டான் என்று அவனுக்குத் தெரியும்.
பத்து வந்தால்
ஒன்று ஏன் வரவில்லை என்பதும் தெரியும்.