கதவின் அளவு

பஸ் கிடையாது. மீன் வண்டியின் பின்புறம்
காலிப் பெட்டிகளோடு குலுங்கி வந்து இறங்கினேன்,
ஃபோகோ தீவின் வயிற்றுக்குள்.

ஒன்பது கிலோமீட்டர் அகலம் என்றாள் எர்மெலிந்தா.
மேற்கே செங்குத்தாய் நிற்கும் சுவரைக் காட்டினாள்:
"பழைய மலையில் மிச்சம் இதுதான்.
கிழக்குப் பாதி கடலில் சரிந்து
எழுபதாயிரம் வருடத்துக்கு மேலாகிறது.
அன்று எழுந்த அலை
அடுத்த தீவின் மேட்டில் பாறைகளை ஏற்றி வைத்தது.
இன்னும் அங்கேயே கிடக்கின்றன,
இறங்கத் தெரியாமல்."

நூறு முறையாவது சொல்லியிருப்பாள்.
'இறங்கத் தெரியாமல்' என்ற இடத்தில்
நான் சிரிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள்.

சரிந்த இடத்தில் முளைத்தது புது மலை.
சாம்பலில் மூன்றடி ஏறினால் இரண்டடி சறுக்கல்.
ஆறிய குழம்பில் இரண்டு ஜாதி:
ஒன்று பாலாடைபோல் மடிந்து மடிந்து கிடக்கிறது,
மற்றது செருப்பைத் தின்கிறது.

ஒரு கல்லை உடைத்துக் கொடுத்தாள்.
உள்ளே உளுந்துத் தோலின் கறுப்பில் படிகங்கள்,
நடுவில் ஒரே ஒரு பச்சைப் பொட்டு.
ஒலிவின். ஆழத்திலேயே கெட்டிப்பட்டுவிட்டதாம்.
மற்றதெல்லாம் உருகி ஓடிவர
இது மட்டும் கல்லாகவே வந்திருக்கிறது,
அத்தனை தூரமும்.

உச்சியில் ஒரு பெரிய குழி. கந்தக மஞ்சள்.
சாப்பிடக் கொண்டுபோன முட்டைகளை
யாரும் தொடவில்லை.

இறங்கும்போது ஓட வேண்டும்.
முழங்கால்வரை சாம்பல் வாங்கிக்கொள்ள
இருபது நிமிடத்தில் கீழே.

கறுப்பு வெளியில் சட்டென்று நின்றாள்.
"இது என் சமையலறை.
காலுக்கு ஆறு மீட்டர் அடியில்."

இரண்டாயிரத்துப் பதினான்கு, நவம்பர்.
குழம்பு பாய்ந்து வரவில்லை, நடந்து வந்தது,
அதுவும் நிறைமாதக்காரியின் நடை.
அதனால் அவகாசம் இருந்தது.
ஜன்னல்களைக் கழற்றினார்கள், கதவைக் கழற்றினார்கள்,
குளிர்பெட்டியும் கோழிகளும் ஒரே வண்டியில் போயின.
சுவர்களைக் கழற்ற முடியவில்லை.

புது வீடு அந்தக் குழம்பின் மேலேயே.
தரையில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பு.
"குளிருக்கு நல்லது," என்றாள். "வெண்ணெய்க்கு ஆகாது."

கொத்தனார் கட்டிய நிலைக்கு
பழைய கதவு ஒரு சாண் உயரம் அதிகம்.
அறுத்துவிடலாம் என்றாராம்.
அவள் சுவரை உயர்த்தச் சொன்னாள்.
உயர்ந்த சுவருக்கு ஏற்பக் கூரை,
கூரைக்கு ஏற்ப இன்னும் கொஞ்சம் கடன்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
எப்படித் தூங்குகிறீர்கள் என்று
கேட்க வைத்திருந்தேன்.
அவள் திராட்சைக் குழிகளைக் காட்டினாள்.
ஒவ்வொரு கொடியும் தனித்தனிச் சாம்பல் பள்ளத்தில்,
தொட்டிலில் போட்டதுபோல.
கேட்கவில்லை.

"அப்போது என் மகளுக்கு நான்கு வயது," என்றாள்.
"இந்த வாசலில் கிடப்பதில்
அவளைவிட மூத்த கல் ஒன்றுகூட இல்லை."

வெளியே நில்சா
கற்குவியலின் உச்சியில் ஏறி நின்று,
அக்காவுக்கு உரிய அதிகாரத்தோடு
ஓர் ஆட்டுக்குட்டியை
இறங்கு, இறங்கு என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.