ஆண்டுக்கு இரு விரற்கடை

குரியாக்கோஸ் சாரின் மனைவி
மாற்றல் உத்தரவு வந்த வாரம்
பங்களாவின் பின்வாசலில் வைத்துக் கொடுத்தார்.
பூச்சாடியில் ஓர் ஊசியிலை மரம்,
கோலமாவைக் குவித்துக் கொட்டியதுபோல் கூம்பாக.
"வெள்ளம் கூடுதல் வேண்டா, சீனியம்மே."
மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.
எங்கள் லயத்தில் அந்தச் சொல்லுக்கு
ஆகஸ்டு மாதத்து அர்த்தம் ஒன்று உண்டு.
தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

பத்து வயதாம் அதற்கு.
என் முழங்காலைத் தாண்டவில்லை.

இருபத்தொன்பது வருடம்
செண்டுவரையில் நான் கொழுந்து எடுத்தது
மரத்திலிருந்து.
விட்டால் முப்பது அடி போகும் தேயிலை.
வாரம் தவறாமல் கிள்ளி,
ஐந்து வருடத்துக்கு ஒருதரம் கவாத்து வெட்டி,
அதற்கே மறந்துபோகும்படி
இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம்
ஒரு மலை முழுக்க.

இது என்னடாவென்றால்
கத்தியே படாமல் குள்ளமாய் நிற்கிறது.
ஆண்டுக்கு இரு விரற்கடை.
அவசரமே கிடையாது.

எண்ணெய்த் தகரத்துக்கு மாற்றினேன்.
அடியில் ஐந்து ஓட்டை, கொஞ்சம் ஓட்டுச்சில்லு,
சைப்ரஸ் மரத்தடி மக்கு, ஒரு சட்டி ஆற்றுமணல்.
பக்கத்து வீட்டு ஞானசுந்தரி கேட்டாள்:
"பூக்குமா?"
இல்லை.
"காய்க்குமா?"
கூம்பு கூம்பாய் ஏதோ வருமாம், இதில் அதுவும் அபூர்வம்.
"பின்ன எதுக்குடி?"
இதில் யாரும் எடை போட மாட்டார்கள் என்றேன்.

மாசியில் உள்பக்கம் துருவேறியது.
பி.எஃப். படிவத்தை அடியில் விரித்துக்
கிளையைத் தட்டினேன்.
என் பெயருக்கான கட்டத்துக்குள்
சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தன.
செஞ்சிலந்தி. பழைய ஆள்.
அஞ்சாம் நம்பர் காட்டிலிருந்து
என் முந்தானையில்தான் வந்திருக்கும்.
காலையும் மாலையும் தண்ணீரைப் பீய்ச்சி
ஊசி ஊசியாய்க் கழுவினேன்.
புதுப் படிவம் வாங்க
மூணாறுக்கு ஒருநாள் கூலி போனது.

அடுத்த ஜனவரியில் உறைபனி.
விடியும்போது மலை உப்பளமாய்க் கிடந்தது.
பத்து மணி வெயிலில்
இரண்டு காட்டுத் தேயிலை தீய்ந்து கறுத்தது.
தகரத்தில் இருந்தது
பனியை உதிர்த்துவிட்டுச் சும்மா நின்றது.
பிறந்த ஊர் ஞாபகமோ என்னவோ.

மே மாதம் ஒரு கிளைக்குப் புத்தி மாறியது.
உச்சிக்கு ஒரு சாண் கீழே
ஒன்பது அங்குலம், ஒரே கோடையில்.
ஊசிகள் தடிமனாய், நீலம் பாய்ந்து.
தேவிகுளம் நர்சரி லூயிஸ் பார்த்துச் சொன்னான்:
"இதோட மூதாதை காட்டுல அறுபது அடிக்கா.
அங்க திரும்பப் பாக்குது. ஒட்ட வெட்டிருங்க.
விட்டா இந்த ஒண்ணு மத்ததை முழுங்கிரும்."

வெட்டுவது எனக்கா தெரியாது.
மூன்று வாரம் வெட்டவில்லை.

அதற்குள் என் வயதும் வந்துவிட்டது.
வேலை முடிந்தது; முப்பது நாளில்
வீட்டை ஒழித்துத் தர வேண்டும் என்று தாள்.
போடியில் தம்பி ஓர் அறை ஒதுக்கியிருந்தான்.
மெட்டு இறங்கினால் ஒரு சித்திரைக்குள்
இது சுள்ளியாகிவிடும்.
கோவிலூரில் வாடகைக்குப் பார்த்தேன், மூவாயிரம்.
"ஒரு செடிக்காகவா?" என்றான் போனில்.
எனக்கும் புழுக்கம் ஆகாது என்றேன்.
யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

கிளம்புகிற காலையில் வெட்டினேன்.
ஒரே வெட்டு. வெள்ளைப் பிசின் கசிந்தது.
துண்டை எறிய மனமில்லை.
லயத்தின் பின்னால், சாக்கடைக்கு அந்தப் பக்கம்,
காட்டு எண் பொறித்த கல்லின் அருகே
கம்பெனி மண்ணில் குத்தி வைத்தேன்,
யாரிடமும் கேட்காமல்.
வேர் விட ஒரு வருடம் ஆகுமாம்.
விடாமலும் போகுமாம்.

ஜீப்பில் தகரம் என் மடியில்.
பிசின் காய்ந்து
கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும்
ஒட்டிக்கொண்டே வந்தன கோவிலூர் வரை,
கொழுந்து கிள்ளுகிற அதே நிலையில்.