ஒரு லிட்டருக்கும் குறைவாக

முதலில் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும்.
குளிர்ந்த எண்ணெய் அழுக்கை அடியிலேயே வைத்துக்கொள்ளும்,
சூடேறினால்தான் கக்கும்.
பெரினா எஞ்சினை அணைத்தாள்.
வீஸ் தீவின் துறையில்
கயிறுகள் முனகுவது மட்டும் மிஞ்சியது.
நவம்பர். தெற்கிலிருந்து யூகோ காற்று, மூன்றாம் நாள்,
பிழியாத துணி போல எல்லாவற்றின் மேலும் கிடந்தது.

தரைப் பலகைகளை எடுத்து அடுக்கினாள்.
கியர்பெட்டி எஞ்சினுக்குப் பின்னால்,
படகு குறுகும் இடத்தில்.
கை போகும், தலை போகாது.
வடிக்கும் திருகு அடியில்தான் இருக்கிறது.
அதன் கீழே ஒரு தட்டு நுழைய
இடம் விடவில்லை இந்தப் படகைக் கட்டியவன்.
எண்ணெய் மாற்றப்போவது அவனில்லையே.

ஆகவே மேலிருந்து,
டிப்ஸ்டிக் துளை வழியே மெல்லிய குழாயை இறக்கி
கைப்பம்பை இழுத்தாள்.
ஊற்றியபோது சிவப்பு, மாதுளைச் சாறு போல.
இரண்டு கோடை ஓடியதற்குக்
கொஞ்சம் பழுப்பேறி வந்தால் நியாயம்.

வந்தது ரோஸ்மில்க்.
நுரை வேறு.

குளிரூட்டிக்குள் எங்கோ ஓர் ஊசிக் கண்.
குழாய்க்கு இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் கடல்,
நடுவே செம்பின் தோல்.
ஆகஸ்டிலேயே தெரிந்திருக்க வேண்டும்.
குகை பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு
லீவரை முன்னே தள்ளினால்
படகு ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.
பாரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள்.
நினைத்துக்கொள்ளச் செலவில்லை.

நாளை காலைக் கப்பலில்
ஸ்ப்ளிட்டிலிருந்து துயாம் வருகிறான், படகை வாங்க.
போனில் எஞ்சினைப் பற்றி ஏழு கேள்வி கேட்டான்,
கியரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.
முன்பணம் வந்து,
பல் மருத்துவரிடம் போயும் ஆயிற்று.

புது எண்ணெய் ஊற்றி, ஓட்டி, உறிஞ்சினாள்.
இளஞ்சிவப்பு.
மறுபடி.
கொஞ்சம் தேவலை.
மூன்றாம் முறை, டார்ச் வெளிச்சத்தில், நல்ல சிவப்பு.
ஜூன் வரை காட்டிக்கொடுக்காது.
ஜூலையில் அது அவன் படகு.

உறிஞ்சியதை எல்லாம் ஒரு பழைய கேனில் ஊற்றினாள்.
முதலில் வந்தது மட்டும்
கேப்பர் ஊறுகாய் ஜாடியில் இருந்தது,
கைக்குக் கிடைத்தது அதுதான்.
துறைமுகத்தின் கழிவெண்ணெய்ப் பீப்பாய்க்குத்
திங்கள்வரை பூட்டு.
கடலில் ஊற்ற மனம் வரவில்லை
(ஏற்கெனவே பாதி கடல்தான் அது).
ஜாடியை இருக்கைக்கு அடியில் தள்ளினாள்.
படகிலிருந்து இறங்கினாள்.
திரும்ப ஏறி
எஞ்சின் மூடியின் மேல், நட்டநடுவில் வைத்தாள்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
காற்று சாய்த்துவிடாதிருக்க
ஒரு ஸ்பானரை அண்டைகொடுத்துவிட்டுப் போனாள்.

விடிந்தபோது ஜாடியின் அடியில்
ஒரு விரல்கடை தண்ணீர் தெளிந்து நின்றது.

துயாம் குனிந்து பார்த்தான்.
"குடிக்கிறதா இது?"
"கியர்பெட்டியிலிருந்து எடுத்தது."
அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அறுநூறு யூரோ குறைத்தான்.
புதுக் குளிரூட்டி முந்நூறுதான் என்றாள்.
உள்ளே தகடுகள் என்ன கதியோ, யார் கண்டது என்றான்.
அவளுக்கும் தெரியாது.
ஐந்நூறில் நின்றது பேச்சு.
இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

அவன் மண்டியிட்டு, கையை மட்டும் உள்ளே விட்டு
டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்தான்,
மறுபடி செருகி இறுகத் திருகினான்.
உருவிப் பார்த்தான்.
"நிறைய இருக்கிறதே."

திருகினால் கோல் ஆழமாக இறங்கும்,
குறைந்திருந்தாலும் நிறைந்ததாகச் சொல்லும்.
பெரினா பயணச்சீட்டுக் கட்டுகளையும் மிதவை அங்கிகளையும்
கரைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஒரு கால் படகில், ஒரு கால் துறையில்.

"திருகாதே," என்றாள்.
"சும்மா உட்காரவைத்துப் பார்."