நாற்பத்தேழாம் குழி

வரைபடத்தில் இந்த மேடு
அடர்பழுப்பு.
ஓரத்தில் பென்சில் எழுத்து:
"கருமண், எண்பது சென்டிமீட்டர்.
குழி 47. அக்டோபர், அறுபத்து மூன்று."
எழுதியவர் பெயர் ஈரத்தில் கரைந்துவிட்டது.
ஏழு மட்டும் அழுத்தமாய்,
குறுக்கே ஒரு சிறு கோட்டோடு.

அதே புள்ளியில்
துளைக்கோலை இறக்குகிறேன்.
தெற்கு மொராவியா. மார்ச் மாதக் காற்று
காதைப் பிடித்துத் திருகுகிறது.
ஒரு சாண் கருப்பு,
அதன் கீழே சலித்த மாவாய் வெளிர்மஞ்சள்.
ஒரு சொட்டு அமிலம்:
சுர்ரென்று நுரைக்கிறது.

"தப்பான இடம்" என்கிறார் விளாஸ்டிமில்.
பத்தடி தள்ளிப் போகிறேன்.
இன்னும் பத்தடி.
அதே சாண். அதே நுரை.

ஏட்டில் எண்பது;
கறிக்கு இருபத்திரண்டு.

குத்தகைப் பத்திரம் ஏட்டைத்தான் நம்புகிறது.
முதல் தர மண், முதல் தர வாடகை,
வருடம் தவறாமல்
ப்ர்னோ நகரத்துப் பல்மருத்துவர் ஒருவருக்கு.
இந்தச் சரிவில் அவர் செருப்பு பட்டதே இல்லை.

இறங்கி ஓடைக்கரைக்கு வந்தோம்.
கோல் போகிறது, போகிறது.
நீட்டுக்குழாய் மாட்டினேன்.
நூற்று நாற்பதிலும் கருப்பு.

அவர் தொப்பியைக் கழற்றினார்,
தலை சொறிவதற்குத்தான்.
"இங்கேதான் பார்லி வருடா வருடம்
படுத்துவிடுகிறது."
உரம் எவ்வளவு?
"மேட்டுக்குப் போட்டதேதான். எல்லாருக்கும் சமம்.
கூட்டுப்பண்ணைக் காலத்துப் பழக்கம்."
சிரித்தார். நான்தான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

வண்டியின் முகப்பில் கணினியை வைத்து
ஆறு வருட அறுவடையை
ஒன்றன்மேல் ஒன்றாய் விரித்தேன்.
மேட்டின் தோளில்
ஒவ்வொரு வருடமும் அதே சிவப்பு.
திரையில் விரலால் இழுத்தார்:
சரிவுக்குக் குறுக்கே, பன்னிரண்டு மீட்டர் அகலம்.
"இது புல். இதற்கு மேலே
மக்காச்சோளம் கிடையாது.
கீழே உரம் பாதி."
விரல் போன வழியெல்லாம் சேறு.
துடைக்க மனம் வரவில்லை.

பிறகு ப்ர்னோவுக்குத் தொலைபேசி.
புல்லுக்கும் சம்மதம் வேண்டும்,
வாடகையும் குறைய வேண்டும்.
வளவளவென்று தொடங்கினார்,
தொண்டையைச் செருமினார், நிறுத்தினார்.
"டாக்டர், உங்கள் மேட்டுக்கு
எனாமல் போய்விட்டது."

மறுமுனையில்
ஏதோ இயந்திரம் சுழலும் சத்தம்.
அது நின்றது.

"எக்ஸ்ரே இருக்கிறதா?"

விளாஸ்டிமில் என்னைப் பார்க்கிறார்.
பழைய 47க்குக் கீழே
இன்றைய தேதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்,
ஏழுக்குக் குறுக்கே
கோடு போட்டு.