ஒன்று புள்ளி நான்கு

விரல் நுனியில் ஊசி. ஒரு சொட்டு.
எந்திரம் யோசிக்கும் அந்த ஒரு நிமிடம்
சுவரில் மாட்டிய இதயப் படத்தைப் பார்க்க மாட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே
சாட்ஸ்வர்த் மேட்டில் மூச்சிரைத்து ஏறும் பஸ்ஸைப் பார்ப்பேன்.
முப்பத்தோரு வருடம் நான் ஏற்றிய மேடு.

இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
ஓட வேண்டுமாம் என் ரத்தம்.
கீழே இறங்கினால்
நெஞ்சுக்குள் பொருத்திய உலோகக் கதவில் கட்டி பிடிக்கும்.
மேலே ஏறினால்
காலையில் சவரக்கத்தி கீறிய இடம்
மத்தியானமும் கசியும்.

"ஒன்று புள்ளி நான்கு" என்றாள் நோக்குத்துலா சிஸ்டர்.
"மாத்திரையை விட்டுவிட்டீர்களா, பாபா?"
இல்லை.
"என்ன சாப்பிட்டீர்கள்?"
ஒன்றுமில்லை சிஸ்டர். புரட்டாசி. விரதம்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
"அந்த ஒன்றுமில்லாததில் என்னென்ன இருந்தது?"

சொன்னேன்.
முளைக்கீரை மசியல், கோஸ் பொரியல்,
மறுபடி கீரை, பருப்போடு.
சனிக்கிழமை பெருமாளுக்கு வாழையிலையில்
மூன்று விதம்.
சொல்லச் சொல்ல
அவள் தாள் பச்சையாகிக்கொண்டு வந்தது.

மாத்திரை உறையவிடாமல் பிடிக்கும்,
கீரை உறையச் சொல்லித் தள்ளும்.
பஸ் ஓட்டியவனுக்கு விளக்கவா வேண்டும்?
ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் ஆக்ஸிலரேட்டரில்.
அரை மாத்திரை கூட்டி எழுதினாள்.

வீட்டில்தான் சொல்லத் தெரியவில்லை.
வெள்ளி தோறும் பங்களாதேஷ் மார்க்கெட்டில்
விடியுமுன் நின்று
தண்டை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் கோகிலாம்பாள்.
ஆபரேஷனுக்குப் பிறகு
ஆட்டுக்கறி, நெய், எண்ணெயில் மிதந்த சமோசா
ஒவ்வொன்றாய் வீட்டைவிட்டு அனுப்பியவள்.
"அப்போ உங்க ரத்தத்தைக் கெட்டியாக்கினது நான்தானா?"
கேட்டுவிட்டுச் சட்டியை மூடினாள்.
இரண்டு வாரம் கீரை வாங்கவில்லை.

நான்கு புள்ளி ஆறு.
பல் விளக்கிய துண்டில் சிவப்பு.

"நிறுத்தச் சொன்னேனா?" என்றாள் சிஸ்டர்,
இந்த முறை கூடவே வந்திருந்தவளைப் பார்த்து.
"நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவு. அதுதான் கணக்கு."
கோயில் மாலைப்பள்ளிச் சுவரில்
அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு
என்று எழுதியிருக்கும்.
அளவு தினமும் மாறினால் என்னவாகும்
என்று எழுத அந்தச் சுவரில் இடமில்லை போலும்.

பிறகு சிஸ்டர்
யாரும் கேட்காமலே எழுந்து
கோகிலத்தின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.
வெள்ளை.
நகத்தைத் திருப்பினாள். அதுவும்.
"நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள், மா?"

பதில் வரவில்லை.
என்னைப் பார்த்தாள் சிஸ்டர்.
எனக்கும் தெரியவில்லை.
நாற்பத்திரண்டு வருடமாய் என் தட்டை நிரப்புகிறவளின் தட்டு
எப்படியிருக்கும்?
அவளே மெதுவாகச் சொன்னாள்:
எல்லாரும் முடித்ததும், அடுப்பங்கரையில் நின்றுகொண்டே,
ரொட்டி. கடுங்காப்பி மாதிரி ஒரு டீ.

ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது.
இரும்பு மாத்திரை.
கீரையில் எலுமிச்சை பிழிந்து,
டீ இரண்டு மணி நேரம் தள்ளி.
எங்கே கரைகிறது என்று தேட
வேறு ஊசி, வேறு தேதி.
அது இன்னும் வரவில்லை.

இப்போது ஒரே சட்டி, இரண்டு ரத்தம்.
என் தட்டில் ஒரு கரண்டி,
விளிம்புக்கு மட்டமாய் வழித்தது,
தீபாவளியானாலும் அதே.
மிச்சமெல்லாம் அவளுக்கு.
நாற்காலி இழுபடும் சத்தம் இந்தச் சமையலறைக்குப் புதிது.
மூடிவைத்த டீத்தூள் டப்பா காத்திருக்கிறது.

பேச்சு ஓய்ந்தால்
என் நெஞ்சுக்கதவு க்ளிக், க்ளிக் என்பது
அவளுக்கும் கேட்கும்.
"இன்னும் கொஞ்சம்..." என்கிறாள், பழக்கதோஷம்.
கரண்டி நடுவழியில் நிற்கிறது,
யோசிக்கிறது,
அவள் தட்டுக்கே திரும்பிப் போகிறது.